பட்டினியைத் தாங்கிய செல்கள்

ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களுக்கு உணவு மாற்றும் நேரத்தில் யார் அழைத்தாலும் அவள் போனை எடுப்பதில்லை. கையுறையோடு கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டுவிட்டால் அந்த வேலை முடியும்வரை உலகமே காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் அன்று கோட்டுப் பையில் கிடந்த போன் விடாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பார்த்தால், அண்ணி. வேலை நேரத்தில் கூப்பிடுகிற ஆளே இல்லை அவள்.

"எலி, உன் அண்ணன் சாப்பிட மாட்டேங்கிறாரு."

"மருந்து ஏத்தினா கொஞ்ச நாளைக்கு வாய் கசக்கும் அண்ணி. தானா சரியாயிடும்."

"வாயெல்லாம் கசக்கல. வேணும்னேதான் சாப்பிடல. வெறும் தண்ணியக் குடிச்சிட்டுக் கிடக்கறாரு. ஏன்னு கேட்டா உன் பேரைச் சொல்றாரு."

எதைப் பற்றி என்று அவள் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

எலி என்பது அண்ணன் வைத்த பெயர். சின்ன வயதில் அவளுடைய முன்பற்கள் இரண்டும் உதட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். பல் மருத்துவர் கம்பி கட்டி அவற்றை உள்ளே தள்ளியும் பெயர் மட்டும் தங்கிவிட்டது. அவள் படித்து முடித்து உயிரியல் ஆய்வகத்தில் சேர்ந்த அன்று, "சொந்தக்காரங்களோடயே வேலை கிடைச்சிருக்கு" என்று அண்ணன் தெருவுக்கே சொல்லிச் சிரித்தான். அவனுக்குப் பேக்கரி. ரொட்டி, பன், பிறந்தநாள் கேக். ஆளும் மாவு மூட்டை போலத்தான் இருப்பான். உள்ளே நுழைந்தால் வாசல் அடைத்துக்கொள்ளும். போன வருடம் பெருங்குடலில் கட்டி என்றார்கள். வெட்டி எடுத்தார்கள். பிறகு ஈரலில் ஒரு புள்ளி தெரிகிறது என்று சொல்லி, சில வாரங்களுக்கு ஒருமுறை நரம்பில் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள்.

கட்டி வருவதற்கு முன்பே அவள் பேசிய ஒரு வீடியோ வந்துவிட்டது. நகர நூலகத்தில் பொதுமக்களுக்காக அவள் ஒரு உரை நிகழ்த்தியிருந்தாள். மேடைப் பேச்சு அவளுக்கு வராது. அன்று என்னவோ வந்துவிட்டது. பசி வந்தால் செல் என்ன செய்யும்? தனக்குள் கிடக்கும் பழைய, உடைந்த சாமான்களை ஒரு பைக்குள் திணித்து, செரித்து, அதையே சாப்பாடாக்கிக்கொள்ளும். தன்னைத் தானே தின்னும் அந்த வேலைக்குத்தான் ஆட்டோஃபேஜி என்று பெயர். அந்தப் பை உருவாக வேண்டுமானால், ஒரு குட்டிப் புரதத்தின் வாலை யாராவது நறுக்க வேண்டும். வால் நறுக்கப்பட்டால்தான் அது பையின் தோலில் போய் ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் ஒட்டியதைப் பிய்த்தெடுத்து அடுத்த பைக்கு அனுப்புவதும் அதே ஆள்தான். அந்த ஆள் ஒரு நொதி. புரதத்தை வெட்டும் நொதி. ஆய்வகத்தில் அதைக் 'கத்தரி' என்றே அழைப்பார்கள். அவள் பத்தாண்டுக்கு மேலாக அந்தக் கத்தரியின் பின்னால்தான் அலைந்துகொண்டிருந்தாள்.

"பசிதாங்க நம்ம உடம்புக்குள்ள இருக்கற துடைப்பம்" என்று அன்று ஒரு வார்த்தை சொன்னாள். கூட்டம் கைதட்டியது. அந்த உற்சாகத்தில் மீதியையும் சொன்னாள். புற்றுநோய்ச் செல்லிடமும் இதே துடைப்பம் இருக்கிறது, அது பட்டினியில் நம்மைவிடச் சாமர்த்தியமாகப் பிழைத்துக்கொள்கிறது, அதனால்தான் அங்கே இந்தக் கத்தரியை எப்படி முடக்குவது என்று நாங்கள் தேடுகிறோம் என்றாள். அதற்கு யாரும் கைதட்டவில்லை. ஆரோக்கியக் குறிப்புகள் போடுகிற ஒருவர் அந்த உரையை எடுத்து, துடைப்பத்தோடு நிறுத்தி, பின்னால் புல்லாங்குழல் இசையைச் சேர்த்துப் போட்டார். லட்சக்கணக்கில் பார்த்தார்கள். அண்ணி பெருமை தாங்காமல் குடும்பக் குழுவில் அனுப்பினாள். பின்பாதி இல்லை என்பது எலியின் கண்ணில் பட்டது. சின்ன வீடியோவில் எல்லாம் எப்படி வரும் என்று நினைத்துக்கொண்டு அதன் கீழே ஒரு இதயக் குறியை அழுத்தினாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

அன்று மாலையே பேக்கரிக்குப் போனாள். பின்கட்டில் அடுப்பின் அனல் முகத்தில் அறைந்தது. அண்ணன் மாவு பிசைந்துகொண்டிருந்தான். சட்டை ஆணியில் மாட்டியது போலத் தொங்கியது. பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை ஒன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

"வா எலி! என் டாக்டரே நேர்ல வந்துட்டாங்கப்பா!"

அவன் சோர்ந்து கிடப்பான் என்று நினைத்து வந்தவளுக்கு அந்தச் சந்தோஷம்தான் பெரிய பயமாக இருந்தது.

"அண்ணா, என்ன பண்ணிட்டிருக்க நீ?"

"கட்டிக்குச் சாப்பாடு கட். பட்டினியிலயே சாகட்டும் சனியன். உடம்பு எவ்ளோ லேசா இருக்கு தெரியுமா? படியெல்லாம் பறந்து ஏர்றேன்."

"நான் அப்படிச் சொல்லவே இல்ல."

"இல்லையா?" மாவுக் கையாலேயே போனை எடுத்துத் தட்டினான். புல்லாங்குழல் கேட்டது. பிறகு அவள் குரல். பசிதாங்க நம்ம உடம்புக்குள்ள இருக்கற துடைப்பம். "இது உன் வாய்தானே? உன் பல்லுதானே?"

"அதுக்கப்புறம் பேசினதை வெட்டிட்டாங்கண்ணா. கட்டியில இருக்கற செல்லும் இதையேதான் செய்யும். பசிச்சா அதுவும் தன் குப்பையத் தானே தின்னு உயிரைப் பிடிச்சு வச்சுக்கும். நீ பட்டினி கிடந்தா உன் சதைதான் முதல்ல கரையும். அது கரையாது."

அண்ணன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "அண்ணி போன் போட்டாளா?"

"போட்டாங்க. அதுக்காக..."

"அதானே பார்த்தேன். அவ அழுதிருப்பா, நீ இறங்கி வந்துட்ட. ஊருக்கு ஒரு பேச்சு, வீட்டுக்கு ஒரு பேச்சா?"

கடை வாசலில் மணி அடித்தது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு முன்கட்டுக்குப் போனான். எலி அப்படியே நின்றாள். சூடான பன்கள் தட்டில் அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றில் மட்டும் ஓரம் பிய்ந்திருந்தது. பிய்த்த துண்டு பக்கத்திலேயே கிடந்தது, யாரோ முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தது போல.

மறுநாள் அந்த வீடியோக்காரரைத் தேடிப் பிடித்தாள். "மேடம், அதைப் போய் எடுக்கச் சொல்றீங்களே! எத்தனை பேர் பயனடைஞ்சிருக்காங்க தெரியுமா?" என்றார் அவர். மரியாதையாகத்தான் பேசினார். ரொம்ப வற்புறுத்திய பிறகு, 'மருத்துவரை ஆலோசிக்கவும்' என்று கடுகளவு எழுத்தில் ஒரு வரி சேர்த்தார். அவள் தன் துறைத் தலைவரிடம் போய், ஆய்வகத்தின் பெயரில் ஒரு மறுப்பு வெளியிடலாமா என்று கேட்டாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "உங்க அண்ணன் விஷயம் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா மறுப்புன்னு போட்டா நம்ம ஆராய்ச்சியே தப்புன்னு நினைச்சுக்குவாங்களே. கொஞ்சம் பொறுங்க, பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் என்றால் அவர் அகராதியில் முடியாது என்று அர்த்தம்.

சொல்லித்தானே நம்பவில்லை, காட்டிவிடுவோம் என்று அவள் முடிவெடுத்தாள்.

ஆய்வகத்துக்கு வா என்றதும் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றான். தங்கை வேலை செய்யும் இடத்தை அவன் அதுவரை பார்த்ததில்லை. படியெல்லாம் பறந்து ஏறுகிறேன் என்றவன் பாதியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளை எல்லாம் ஒன்றுவிடாமல் படித்தான். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரியாத மாதிரி இருந்தாள்.

நுண்ணோக்கி அறையில் விளக்கை அணைத்தாள். திரையில் கறுப்பின் மேல் பச்சையாகச் செல்கள் தெரிந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் பச்சைப் பொட்டுகள், மழைத்தூறல் விழுந்த கண்ணாடி போல.

"அழகா இருக்கே" என்றான் அண்ணன்.

"இது குடல் புற்றுநோய்ச் செல்லுண்ணா. நேத்துலேர்ந்து பட்டினி போட்டிருக்கேன். அந்தப் பொட்டு ஒவ்வொண்ணும் ஒரு பை. கத்தரி வாலை நறுக்கி நறுக்கிக் குடுக்குது, இது பை பையாக் கட்டித் தின்னுட்டு ஜம்முனு இருக்கு."

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். வெகுநேரம் பார்த்தான். "சாகலையா?"

"சாகல. இப்போ இதைப் பாரு." அவள் தட்டை மாற்றினாள். "இதுவும் அதே செல்லு. இதுக்கும் பட்டினிதான். ஆனா கத்தரி வேலை செய்யாம ஒரு மருந்து போட்டு அடைச்சிருக்கேன்."

இந்தத் திரையில் பொட்டுகள் இல்லை. பச்சை வெறுமனே கலங்கிப் பரவியிருந்தது. பாதிக்கு மேற்பட்ட செல்கள் சுருங்கி, உடைந்து மிதந்தன.

அண்ணனின் முகத்தில் திரையின் பச்சை வெளிச்சம் விழுந்திருந்தது. மெல்லத் திரும்பினான். அவள் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டான்.

"அப்போ அந்த மருந்த எனக்குக் குடு."

"அண்ணா..."

"உன்கிட்டதானே இருக்கு? இதோ, இந்தத் தட்டுல போட்டிருக்கியே. எனக்கும் போடு."

"இது மனுஷங்களுக்கு இல்லண்ணா. கத்தரி கட்டியில மட்டுமா இருக்கு? உன் ஈரல்ல, இதயத்துல, மூளையில, எல்லா எடத்துலயும் இருக்கு. எல்லாத்தையும் ஒரேடியா அடைச்சா என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது. தட்டுல நடக்கறது உடம்புல நடக்கும்னு சொல்ல முடியாது. இன்னும் எத்தனையோ வருஷம் பார்க்கணும்."

"எனக்கு எத்தனையோ வருஷம் இருக்கா?"

அவள் தட்டின் மூடியைச் சரியாக வைத்தாள்.

"பட்டினியும் கூடாதுங்கற. மருந்தும் தர மாட்டேங்கற. அப்புறம் எதுக்கு என்னை இங்க கூட்டிட்டு வந்த? அது எவ்ளோ கெட்டிக்காரத்தனமா பொழைக்குதுன்னு காட்டவா?" குரல் உயர்ந்து, சட்டென்று உடைந்தது. "வெட்டினாங்க, படுத்தேன். ஊசி குத்தினாங்க, கையை நீட்டினேன். எல்லாமே எனக்கு யாரோ செய்யறதுதான். நானா செய்யறதுன்னு இது ஒண்ணுதாண்டி இருந்துச்சு."

அவன் எழுந்து போய்விட்டான். அவள் விளக்கைப் போடாமலே உட்கார்ந்திருந்தாள். சொன்னதெல்லாம் சரிதான், ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. ஆனால் தட்டைத் தயாரிக்க அத்தனை சிரத்தை எடுத்துக்கொண்டவள், அதைப் பார்க்கப்போகிற மனிதனைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவன் அதற்குப் பிறகும் சாப்பிடவில்லை. இப்போது நம்பிக்கையால் அல்ல, வீம்பால். எலியின் போனை எடுக்கவில்லை. அந்த வாரத்திலேயே ஒரு காலையில் அடுப்பிலிருந்து தட்டை இழுத்தவன் கண் இருண்டு சரிந்தான். விழும்போது முன்னங்கை அடுப்பின் விளிம்பில் பட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் வழன்றுவிட்டது.

மருத்துவமனையில் எடை பார்த்தார்கள். புற்றுநோய் மருத்துவர் பழைய எடையையும் புதிய எடையையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டவில்லை. "இந்த உடம்புக்கு அடுத்த மருந்தை என்னால ஏத்த முடியாது. தாங்காது. முதல்ல எடை ஏறட்டும்" என்று மட்டும் சொன்னார். அண்ணி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே வந்தாள். நடைபாதையில் எலியைக் கண்டதும், "நான்தாண்டி அந்த வீடியோவ எல்லாருக்கும் அனுப்பினேன். அவருக்கும் நான்தான் போட்டுக் காட்டினேன்" என்று விம்மினாள்.

"நான்தானே அண்ணி பேசினேன்."

இரண்டு பேரும் அந்தப் பழியை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் கொஞ்சம்கூடக் குறைந்தபாடில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அண்ணன் இரண்டு வாய் விழுங்குவான், தட்டைத் தள்ளிவிடுவான். இப்போது வேண்டுமென்று செய்யவில்லை; உண்மையிலேயே இறங்கவில்லை. எலி தினமும் வேலை முடிந்து வந்தாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்புவாள்.

ஒரு ஞாயிறு மதியம் அவள் உள்ளே நுழையும்போது அவனே கூப்பிட்டான்.

"எலி, இங்க வா. இதைப் பாரு."

கையில் போட்டிருந்த கட்டைப் பிரித்து வைத்திருந்தான். புண் அன்று பட்டது போலவே சிவந்து, ஈரமாகக் கிடந்தது. ஓரங்கள் சேரவே இல்லை.

"அடுப்புக்காரன் நான். என் கையில சுடாத எடமே கிடையாது. இங்க பாரு, இது, இது, இது..." மற்றக் கையில் இருந்த பழைய தழும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். "எதுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்ல. மருந்தத் தடவிட்டு மறந்துடுவேன். அதுவா தோல் கட்டிடும். இது ஏன் கட்ட மாட்டேங்குது?"

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். இந்த முறை பாடம் நடத்தக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

"கட்டறதுக்கு உள்ள சரக்கு இல்லண்ணா."

"குப்பையத் தின்னு பொழைச்சுக்கும்னியே?"

"பொழைச்சுக்கும். கொஞ்ச நாளைக்கு. ஆனா புதுசாக் கட்ட முடியாது. இருக்கறதத்தான் உடைச்சு உடைச்சுத் தின்னும். ஜன்னல், கதவுன்னு கழட்டி அடுப்பெரிக்கற மாதிரி."

அவன் புண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ என்ன செஞ்சு வச்சிருக்கா?" என்றான் கடைசியில்.

அண்ணி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, வேகவைத்த முட்டையை மசித்துச் சேர்த்திருந்தாள். அவன் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தான். முகத்தைச் சுளித்தான். "எந்தக் கடை ரொட்டி இது? உப்பே இல்ல" என்றான். அவன் கடை ரொட்டிதான். யாரும் சொல்லவில்லை. கிண்ணத்தில் பாதிவரை சாப்பிட்டான், குமட்டிக்கொண்டு வந்தது, கண்ணை மூடி அடக்கினான், மறுபடி சாப்பிட்டான்.

எடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. மருந்தை அளவு குறைத்து மீண்டும் தொடங்கினார்கள். அதற்கு முன் எடுத்த ஸ்கேனில் ஈரலில் இருந்த புள்ளி வளர்ந்திருந்தது. பட்டினியாலா, மருந்து தள்ளிப்போனதாலா, எப்படியும் வளர்ந்திருக்குமா என்று எலி கேட்டாள். சொல்ல முடியாது என்றார் மருத்துவர். சொல்ல முடியாது என்பது அவளுக்கும் தெரியும். அவள் தொழிலே அதுதான். ஆனாலும் அந்தக் கேள்வி தைத்த முள்ளாக உள்ளேயே நின்றுவிட்டது.

தலைவரிடம் மறுபடி கேட்காமல், தன் பெயரிலேயே ஒரு வீடியோ பேசிப் போட்டாள். துடைப்பத்துக்குப் பிறகு அன்று சொன்னதையெல்லாம் சொன்னாள். இசை இல்லை. ஆய்வகத்தில் இருப்பவர்களும், அவர்களுடைய வீட்டாரும், இன்னும் சிலரும் பார்த்தார்கள். தலைவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பழைய வீடியோ போய்க்கொண்டேதான் இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் ஆய்வகத்தின் எண்ணைத் தேடி அழைத்தார்கள். "எங்க வீட்டுக்காரருக்கு நுரையீரல்ல கட்டிங்க. எத்தனை நாள் பட்டினி போடணும்?" என்று ஒரு பெண் கேட்டாள். எலி கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "முதல்ல நீங்க சொல்லுங்கம்மா. அவர் இப்போ என்ன சாப்பிடறார்?" என்று பேச ஆரம்பித்தாள். இப்போதெல்லாம் எந்த நேரத்தில் அழைத்தாலும் எடுக்கிறாள். செல்கள் காத்திருக்கின்றன.

போன வாரம் மருந்து ஏற்றிய மறுநாள் அவள் போனபோது அண்ணன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தான். தலையில் முடி இல்லை. கையில் புண் ஒருவழியாக மூடி, இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் பளபளத்தது. மடியில் கிண்ணம். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினான்.

"எலி, ஒண்ணு கேட்கறேன், மழுப்பாமச் சொல்லு. நான் சாப்பிடறப்போ அதுங்களும் சாப்பிடும்தானே?"

"ஆமாண்ணா. சாப்பிடும்."

அண்ணன் தலையாட்டினான். கரண்டியால் கிண்ணத்தின் அடியைச் சுரண்டினான்.

"சாப்பிடட்டும். கூடவே மருந்தையும் தின்னுதுங்கல்ல."

அவன் கிண்ணத்தை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய், இன்னும் கொஞ்சம் பால் ஊற்றி எடுத்து வந்தாள்.